கார்புரேட்டருக்குப் போன பிரஷ்

பல் டாக்டர் கொடுத்த பிரஷ்ஷால் மொபெட்டின் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தவன் நான். கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவன் கையில் எதைக் கொடுத்தாலும், அது எந்த மெஷினுக்கு ஆகும் என்றுதான் புத்தி போகும். மெல்லிய கம்பியில் பூனை மீசை போல நார் வைத்த அந்தப் பிரஷ், பெட்ரோல் போகும் துளைக்கென்றே செய்தது போலிருந்தது.

உண்மையில் அது என் கீழ்த்தாடைக்கானது. கடைவாய்ப் பல் போன இடத்தில் டைட்டானியம் திருகை இறக்கி, மேலே பல்லை மாட்டியிருந்தார் டாக்டரம்மா. அதைச் சுற்றித் தினமும் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்கச் சொன்னார். உலோகத்துக்கு ஏது சொத்தை என்று விட்டுவிட்டேன். பல் துலக்கும்போது ரத்தம் கசிந்தது. அந்தப் பக்கம் போகாமல் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டேன். கிளினிக்கிலிருந்து போன் செய்து விசாரித்தால், "நல்லா இருக்குதுங்க, ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்பேன். அக்கறையாகக் கேட்கிறவர்களிடம் வேறு எப்படிச் சொல்வது? வலியும் இல்லை.

காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் வாயில் சீழ் ருசி தட்டியது. அதற்கப்புறம்தான் போனேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் திரையில் போட்டார். வெள்ளையாகத் திருகு, அதைச் சுற்றிக் கிண்ணம் போலக் கறுப்புப் பள்ளம். எலும்புக்குள் புதைந்திருக்க வேண்டிய மரைகளில் மேல்பாதி வெளியே நின்றது.

"திருகு நல்லாத்தானுங்களே இருக்குது?"

"திருகுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஈறுக்கடியில அழுக்கு சேர்ந்து புண்ணாகி, சுத்தியிருக்கிற எலும்புதான் கரையுது. பிரஷ் போட்டீங்களா?"

"போட்டேனுங்க."

எதில் என்று அவர் கேட்கவில்லை.

"போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வராதுங்க. இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். இன்னும் கரைஞ்சா கழட்டிப்போடணும். அப்புறம் அங்க இன்னொண்ணு போட எலும்பு பத்துமான்னு சொல்ல முடியாதுங்க."

என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பல்லே இல்லை. தாடை வற்றி, மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று தொடப் பார்த்தன. ஷேவ் செய்கையில் அந்த முகம் கண்ணாடியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்த பயத்தில்தான் திருகே வைத்தேன். அதைத் தாங்குகிற எலும்பையும் நானே கரைத்துவிட்டேன்.

ஈறைத் திறந்து சுரண்டினார். பட்டறையில் துரு எடுக்கிற அதே சத்தம், என் மண்டைக்குள். எலும்பு நின்றதா, இன்னும் இறங்குகிறதா என்று அடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரியுமாம். அதுவரை நாக்கு ராத்திரி பகலாக அந்தப் பல்லை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், கார்புரேட்டர் உட்பட. மொபெட் சாவியோடு கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், நின்று முழுசாகக் கேட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன்.

"அதுதானுங்களா," என்றாள். "வண்டி இப்பெல்லாம் ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுதேன்னு பார்த்தேன்."