இரண்டு ஆபீசுக்கு ஒரு கிணறு

எழுபதுகளின் நடுவில் கல்கத்தாவை ஒட்டிய பெஹாலாவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்று சொல்வது பழக்கதோஷம். கணவருக்கு துர்காபூரில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார். குழந்தை இல்லை. வங்காள மொழி எனக்கு அரைகுறை. மற்ற நாட்களில் பால்காரரிடம் பேசினால்தான் பேச்சு.

கொல்லையில் கிணறு இருந்தது. நீர்மட்டம் அளக்க மாதம் இரண்டு பேர் வருவார்கள். நகராட்சிக்காரர் வயதானவர், கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்குவார். மாநில நீர்த்துறையிலிருந்து வருபவர் இளைஞர். இரும்பு டேப்பில் சாக்பீஸ் தேய்த்து இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அளவை வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுவார்கள். நான் காலண்டரில் குறித்துக்கொள்வேன். எனக்கு வேறென்ன வேலை?

அந்தக் கோடையில் தெருவின் கைபம்பு காற்றைத்தான் கக்கியது. தெருமுனையில் புதுக் குடியிருப்புக்குப் போட்ட பெரிய மோட்டார் நாள் முழுக்க ஓடியது. நகராட்சிக்காரர் அலுத்துக்கொண்டார்: "மோட்டார நிறுத்தணும்னு நாங்க எழுதினா, 'ஒங்க அளவே தப்பு'ங்கறாங்க நீர்த்துறையில. ரெண்டு நோட்டும் ஒத்துப்போகலையாம்."

எனக்குத் தெரிந்த இந்தியில், அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் சொல்லால் கூப்பிட்டுச் சொன்னேன்: "தாதா, நீங்க கிணத்துச் சுவர் மேலேருந்து அளக்கறேள். அவர் சுவரைக் கழிச்சுத் தரையிலேருந்து கணக்கு வெச்சுக்கறார். சுவர் ரெண்டரை அடி."

அவர் காலண்டரை வாங்கிப் பார்த்தார். சுவரின் உயரத்தைக் கழித்தால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலுமே தண்ணீர் மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்தது. "பௌதி!" என்றார். அண்ணி என்று அர்த்தம். என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

பத்து நாளில் இரண்டு ஆபீசிலிருந்தும் ஐந்து பேர் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்தே அளந்தார்கள். காபி போட்டேன், டம்ளர் போதாமல் குழம்புக் கிண்ணத்திலும் ஊற்றிக் கொடுத்தேன். கொல்லையில் அத்தனை குரல்! மோட்டார் காலையும் மாலையும் இரண்டு மணி நேரம்தான் ஓட வேண்டும் என்று அங்கேயே முடிவானது. இனி நீர்த்துறை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, நகராட்சிக்கு நகல் அனுப்பும்.

கிண்ணங்களைக் கழுவும்போதுதான் அந்தக் கடைசி முடிவு எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை கணவர் கேட்டார்: "நல்ல காரியந்தானே பண்ணியிருக்கே? ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே?"

அவருக்குக் காபி கலக்கப் போனேன்.

அடுத்த மாதம் முதல் வாரம் கொல்லையைக் கூட்டிவிட்டு, வாசல் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன். நகராட்சிப் பெரியவர் இனி வர மாட்டார் என்று தெரியும். மூன்று மாதம் கழித்து இளைஞர் வந்து ஐந்தே நிமிடத்தில் அளந்து முடித்தார். பெரியவரைப் பற்றிக் கேட்டேன்.

"அவருக்கு வேற வார்டு போட்டுட்டாங்க, பௌதி" என்று சொல்லிக்கொண்டே டேப்பைச் சுற்றினார்.

மறு கோடையில் கைபம்பு வற்றவில்லை. காலையில் பெண்கள் வரிசையில் நின்று பேசும் சத்தம் ஜன்னலுக்கு வரும். பல நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒருநாள் குடத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஒங்க கிணறு வத்திப்போச்சா?" என்று முன்னால் நின்றவள் கேட்டாள்.

"இல்லை" என்றேன். அதற்குமேல் சொல்ல வங்காள மொழி வரவில்லை.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் வாளியைச் சற்று நகர்த்தி, என் குடத்துக்கு நிழலில் இடம் விட்டாள்.