மூன்று முறை கழுவிய தண்ணீர்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்கு இலையக்கா என்று பெயர். ஆறு வருடமாகக் கொய்யா இலையைக் கொதிக்கவைத்து, வடித்த சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து, வெள்ளை வெளேரென்று நானோ துகள் பொடி செய்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? அந்தத் துகள் ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டுகிறதா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கருவிக்குள் ஒளி பட்டால் புரதம் மினுங்கும். துகள் ஒட்டினால் மினுக்கம் மங்கும். மங்கிக்கொண்டுதான் இருந்தது, ஒவ்வொரு தடவையும்.

ஐந்து வயது மகளை வேறு ஊரில் அண்ணியிடம் விட்டிருந்தாள். இந்த மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்ததும் கூட்டிவந்துவிடுவதாக ஏற்பாடு. "இனிமேலும் தள்ளிப்போனா என்னால ஆகாதுடா," என்று என்னிடமே பலமுறை புலம்பியிருக்கிறாள்.

கடைசி அளவீட்டன்று அக்காவுக்குத் தூக்கத்தில் கண் சொருகியது. துகள் கரைத்த நீருக்குப் பதிலாக, பொடியைக் கடைசியாகக் கழுவிய தண்ணீரைப் புரதத்தில் விட்டுவிட்டாள். பொடியில் ஒட்டிய இலைச்சாறு போக மூன்று முறை கழுவி, தண்ணீர் தெளிந்துவிட்டால் போதும் என்பது எங்கள் ஆய்வகத்து வழக்கம். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்துவைத்தானோ! அந்தத் தெளிந்த தண்ணீருக்கே மினுக்கம் அதே அளவு மங்கியது.

"குழாய் மாறிடுச்சுக்கா, தூக்கிப் போடுங்க," என்றேன்.

"துகளே இல்லாம மங்குதேடா," என்றாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் இலைச்சாறு தங்கியிருக்கிறது. இத்தனை நாளும் புரதத்தை மங்கவைத்தது துகளா, சாறா? யாருக்குத் தெரியும்?

வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனோம். அவர் துகளுக்கும் கழுவிய தண்ணீருக்கும் வந்த இரண்டு வரைபடங்களையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை யாரும்மா கேட்கப் போறா? பேசாம கொடுத்துட்டுப் போயேன்."

"நானே கேட்டுட்டேனே சார்."

எனக்கு அவள்மேல்தான் எரிச்சல் வந்தது. ஊரில் எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு பட்டம் வாங்குகிறார்கள், இவளுக்கு மட்டும் என்ன வந்தது?

படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணிக்குப் போன் போட்டாள். "எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும் அண்ணி. இன்னும் எட்டு மாசமாவது ஆகும்."

அண்ணி கேட்டது பக்கத்தில் இருந்த என் காதிலும் விழுந்தது. "அப்ப பாப்பாவை இங்கயே ஸ்கூல்ல சேர்த்துடட்டுமா?"

"சேர்த்துடுங்க," என்றாள் அக்கா. "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க அண்ணி. எனக்கு வாய் வரலை."