பேசாமல் ருசித்த பத்து நிமிடம்

திங்கட்கிழமை காலை, முந்தின நாள் கோ ராஜன் வீட்டுக்கு எடுத்துப்போயிருந்த என் கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் நண்பர் முருகன் போன் செய்தார். "கோ ராஜன் போயிட்டார். விடிகாலையிலே, மாரடைப்பு" என்றார். முந்தின சாயங்காலம்தான் அந்த மனிதரைக் கேலி செய்து சிரித்துவிட்டு வந்திருந்தேன். இதை எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

இதைப் படிக்கப்போகிற, துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் ஓயாமல் பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ராஜன் வேறு ஆள். ரங்கூனில், க்யிம்யிண்டைங் பேட்டையில் அவர் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை நாங்கள் மூவரும் கூடுவோம். சிரா என்ற கறுப்புத் திராட்சையின் ஒயின் மட்டும்தான். நம் நாட்டு ஷான் மலையில் விளைந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, பிரான்ஸிலிருந்து வந்தது, இன்னும் ஏதாவது ஓர் ஊர் என்று நாலு பாட்டில் வரிசையாக நிற்கும். எது எதுவென்று தெரியாதபடி அவர் மனைவி மா செல்வி (பர்மியத்தில் அண்ணனுக்குக் கோ, அக்காவுக்கு மா) பழைய லுங்கித் துணியைச் சுற்றி எண் போட்டு வைப்பார். "பேரைப் பாத்துக் குடிச்சா பேர்தான் ருசிக்கும்" என்பார் ராஜன்.

அவர் போட்ட விதி ஒன்று உண்டு. நாலையும் முகர்ந்து, ருசித்து, எது எந்த ஊர் என்று சீட்டில் எழுதும்வரை பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை நான் "மிளகு வாசனை" என்று முணுமுணுத்துவிட்டேன். உடனே முருகனுக்கும் மிளகு மணத்தது. "பாத்தியா, உன் மூக்கை அவனுக்குக் குடுத்துட்டே" என்று ராஜன் என் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார். அன்று முழுக்க எனக்குச் சோடாதான்.

அந்தக் கடைசி ஞாயிறு சாயங்காலம் கரண்ட் இல்லை. மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டியது, ராஜன் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தது. மூன்றாவது கோப்பையைத் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். கேட்க வாயெடுத்தேன். விதி ஞாபகம் வந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். துணியைப் பிரித்தால், நாலையுமே தப்பாக எழுதியிருந்தார். ஒருநாளும் தப்பாதவர். மூக்கை எங்கே அடகு வைத்தீர்கள் என்று கேட்டுச் சிரித்தோம். வாயு பிடித்திருக்கிறது என்று அவரும் சிரித்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

சாவு வீட்டில் மா செல்வி என்னைத் தனியே கூப்பிட்டார். "நான் அடுப்படியிலே இருந்தேன். உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்றேன். கண்ணால் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கேட்டிருந்தாலும் வாயு என்றுதான் சொல்லியிருப்பார் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். இருக்கலாம். ஆனாலும் கேட்டிருக்க வேண்டியவன் நான். என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

காரியம் முடிந்த மறு வாரம் மா செல்வியே எங்களை வரச் சொல்லி, பாட்டில்களுக்குத் துணி சுற்றி வைத்திருந்தார். உட்கார்ந்தோம். இரண்டாவது கோப்பையில் முருகன் கண்ணை மூடினார். என்னால் தாங்க முடியவில்லை.

"முருகா, உடம்புக்கு என்ன செய்யுது?"

ஒன்றுமில்லை, அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

ராஜனிடம் கற்ற ருசியெல்லாம் ஒருநாள் மறந்துபோகலாம். அவரிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான் என்னிடம் மிச்சம். இனி யார் என் எதிரே பேசாமல் உட்கார்ந்தாலும் கேட்டுவிடுவேன்.