கோவில்பதாகையில் தபசு அண்ணனைத் தேடி

மன்னிக்கவும். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு எழுதுகிறவர்களுக்கு நடுவில், மாங்காட்டிலிருந்து ஆவடி வரை போய்வந்ததைப் பயணம் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. சாப்பாட்டுக்காகப் பயணம் போகிறவர்கள் இணையத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பது என் முதுகலை ஆய்வு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எவனோ துண்ணதைப் படிக்க ஒரு படிப்பா என்று அப்பா இன்னும் கேட்கிறார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைகளைப் பற்றிய பதிவுகளைப் படித்தபோது, கோவில்பதாகையில் ஆட்டுக்கால் பாயா விற்கும் பெயர்ப்பலகை இல்லாத கடை ஒன்றுக்காகப் பலரும் உருகியிருந்தார்கள். மார்ச் மாதம் பேச்சு மாறியது. ஒருவர் மூடிய ஷட்டரைப் படமெடுத்துப் போட்டிருந்தார். அதில் சாக்பீஸில் ‘தபசு கடை இல்லை’ என்று இருந்தது. பெயர்கூடத் தெரியாமல் சாப்பிட்டுவந்தோமே என்று அவர் வருந்தியிருந்தார். அடுத்தவர் தபசு அண்ணன் போய்விட்டார் என்றே எழுதினார். மூன்றாமவர் அவர் ஆத்மா சாந்தியடைய வேண்டினார். இணைய வரைபடத்திலும் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு சமையல்காரருக்காக இத்தனை பேர் வருந்தியது என்னை என்னவோ செய்தது. அவர் வீட்டாரிடம் இதைச் சொல்லலாம் என்று மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து ஆவடி. இரண்டும் மகளிருக்குக் கட்டணமில்லாத பேருந்துகள். ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். தபசு அண்ணன் கடை என்றதும் ஓட்டுநர் யோசித்தார். “அப்டி யாரும் இங்க இல்லம்மா. பாயான்னா சூசை கடதான் கீது. அங்கயே எறக்கி வுட்றேன்.”

கடை திறந்திருந்தது. தொழிற்சாலைச் சீருடையோடு நான்கைந்து பேர் பார்சலுக்கு நின்றார்கள். கல்லாவில் இருந்தவரிடம், தபசு அண்ணன் இறந்ததைக் கேள்விப்பட்டு வந்தேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் விழித்தார். கைப்பேசியை நீட்டினேன். படித்து முடித்து, உள்ளே ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“அமலி, உன் ஊட்டுக்காரன் செத்துட்டானாம். நெட்டுல போட்டுக்கீறாங்க.”

“செத்தவரு போயி தேங்கா துருவுங்க.”

அமலி அக்காதான் விளக்கினார். அவர்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தைத் தபசு என்பார்கள். அந்த நாட்களில் கறி சமைப்பதில்லை. அதனால் ‘தபசு’ என்று ஒரு வரியும், ‘கடை இல்லை’ என்று கீழே இன்னொரு வரியும் சூசை அண்ணன் எழுதிவைப்பார். அக்கம்பக்கத்தவருக்கு அது போதும்.

நானும் சிரித்தேன். ஆனால் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆவடியைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் குடிவந்த ஐ.டி. ஆட்களை நம்பித்தான் கூடுதல் வாடகைக்கு இந்த இடத்துக்கு வந்தார்களாம். ஈஸ்டருக்குப் பிறகு அவர்களில் ஒருவரும் வரவில்லை. ருசி கெட்டுவிட்டதோ என்று மசாலாவை மாற்றி மாற்றி அரைத்துப் பார்த்திருக்கிறார். ஜூன் முடிய கூட்டம் திரும்பாவிட்டால் இடத்தை விட்டுவிடுவதாக இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

“அப்போ என் கைப்பக்குவம் போவல, இல்ல?” என்று என்னிடம் கேட்டார்.

சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஓரம் முறுகி நடுவில் பஞ்சாக இருந்த ஆப்பம். தேங்காய்ப்பாலும் மிளகும் ஒன்றையொன்று மிஞ்சாத பாயா. எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றது. வெட்கத்தை விட்டு இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கினேன். போகவில்லை அக்கா என்றேன். தட்டில் இன்னொரு ஆப்பம் விழுந்தது.

போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். இப்போது குறைவாகத்தான் சமைக்கிறார்கள், எட்டரைக்குப் பாயா தீர்ந்துவிடும். ஆப்பம் பன்னிரண்டு ரூபாய், பாயா தொண்ணூறு. உட்கார இரண்டு பெஞ்சுதான். அடுத்த தபசுக்குப் போகாதீர்கள்.

சாப்பிட்டதை எழுதுகிறவர்கள் மீது எனக்கு மரியாதை கூடியிருக்கிறதே தவிர, குறையவில்லை. அன்பில்தான் அப்படி எழுதினார்கள். ஊருக்கு வெளியே இருந்தவர்களை இத்தனை நாள் அந்தப் பெஞ்சுக்குக் கொண்டுவந்ததும் அவர்கள் எழுத்துதான்.

இதைக் கேட்கத் தயங்கித்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். கடை திறந்திருக்கிறது என்று வரைபடத்துக்கு நான் அனுப்பிய திருத்தம் ஏறவில்லை. ஒருத்தி சொன்னால் போதாது போலிருக்கிறது. இரங்கல் எழுதியவர்களே, ஜூன் முடிவதற்குள் ஒரு மாலை அங்கே சாப்பிட்டுவிட்டு, நீங்களும் சொல்லுங்களேன்.