அவர் பெயர் அவருக்கே மறந்துபோன மதியம்

என் பெயர் ரூத். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோடு பக்கம் குடியிருக்கிறோம். இதை எழுதப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள மனசு கேட்கவில்லை.

என் கணவர் சாமுவேல் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். போன வருஷம் ஈஸ்டர் முடிந்த சமயம், பால் வாங்கப் போனவர் எங்கள் தெருமுனையிலேயே வழி தெரியாமல் நின்றார். கேட்டதையே திரும்பக் கேட்டார். பர்ஸை அரிசி டப்பாவில் வைத்துவிட்டு, நான் எடுத்துவிட்டேன் என்று கத்தினார். டாக்டர் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, அல்சைமர் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சபையில் கேட்டால், "சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு" என்பேன். பைத்தியம் என்று பேசிவிடுவார்களோ என்று பயம். அப்போதுதான் ஒரு ஜெபக் கூட்டத்தில், மாத்திரையை நம்புகிறவன் ஆண்டவரை நம்பவில்லை என்று ஒருவர் பேசினார். எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சில வாரத்தில் நிலைமை மோசமானது. சாயங்காலம் ஆனால், "வீட்டுக்குப் போகணும், விடு" என்று கேட்டைப் பிடித்து உலுக்குவார். சொந்த வீட்டு கேட்டை. அவர் கண்ணைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மாடியில் துணி எடுத்துவிட்டு இறங்கினேன். கேட் திறந்து கிடந்தது. அவர் இல்லை.

தெருத்தெருவாக ஓடினேன். எதிர்வீட்டு லலிதா அக்கா சத்தம் கேட்டு வந்தார்கள். "எவ்ளோ நாளா ரூத் இப்படி? ஏன் சொல்லவே இல்ல?" என்றார்கள். ரயில் ஏறிவிட்டாரோ என்று இருவரும் ஆட்டோ பிடித்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனோம். தண்டவாளத்தில் இறங்கியிருப்பாரோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ரயில்வே போலீஸ்காரர், "என்ன கலர் சட்டைம்மா?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் வரவில்லை. காலையில் நானே போட்டுவிட்ட சட்டை.

பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீளமாக ஜெபிக்கத் தெம்பில்லை. "ஆண்டவரே, அவர் யாருன்னு அவருக்கே தெரியாது. உமக்குத் தெரியும். நான் செஞ்சது தப்பு. அவரைக் காப்பாத்தும்." இதையே சொல்லிச் சொல்லி அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

போன் அடித்தது. நாங்கள் போவதை நிறுத்திய அந்த டாக்டரின் கிளினிக் நர்ஸ். "உங்க சார் கூடுவாஞ்சேரியில ஒரு ஸ்கூல்ல இருக்காராம். பத்திரமா இருக்காரு."

செங்கல்பட்டு வண்டியில் ஏறி, இறங்கி, நடந்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறார். அங்கிருந்த டீச்சர் சொன்னார்: "நேரா ஒன்பதாம் கிளாசுக்கு வந்து, சாக்பீஸ் எடுத்து முக்கோணம் வரைஞ்சு நடத்த ஆரம்பிச்சுட்டார். கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பேரு கேட்டா மட்டும் சொல்லத் தெரியல. சட்டைப் பையில பழைய மருந்துச் சீட்டு இருந்துச்சு. அதுல இருந்த நம்பருக்குப் பேசினோம்."

நான் ஒதுக்கித் தள்ளிய அந்தச் சீட்டை எப்போது எடுத்துப் பையில் வைத்தாரோ, அதை வைத்தே ஆண்டவர் அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தப் பையனோட அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். பிளாட்பாரத்தில் வந்த பயத்தைவிட அது பெரிய பயம்.

அடுத்த நாளே டாக்டரிடம் போனேன். அவர் திட்டவில்லை. "அம்மா, இது பைத்தியமும் இல்ல, சாபமும் இல்ல. மூளையில இருக்கிற செல்லு கொஞ்சம் கொஞ்சமா அழியிற நோய். மாத்திரை இதைக் குணமாக்காது. கொஞ்ச நாளைக்கு ஞாபகத்தைத் தாங்கிப் பிடிக்கும். பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள்ள வைங்க. தினமும் ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, நடை, தூக்கம். நீங்களும் தூங்கணும்" என்றார். அன்றைக்கே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன்.

அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் என்னிடம் வந்து, தங்கள் வீட்டிலும் இதேதான் என்று அழுதார்கள். இப்போது வாரத்தில் மூன்று நாள் சபையார் முறை வைத்து அவரோடு வந்து உட்காருகிறார்கள். லலிதா அக்கா தினமும் அவரைக் கோயில் குளம் வரை நடக்கக் கூட்டிப்போகிறார்கள். அவர் கையில் என் போன் நம்பர் எழுதிய வளையம் இருக்கிறது.

அவர் குணமாகவில்லை. போன வாரம் காலையில், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். "உங்களப் பாத்துக்கிறவங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வாங்க, ஜெபம் பண்ணலாம்" என்று கண்ணை மூடினார். என் பெயர் மறந்துபோனவர், யாரோ ஒரு அம்மாவுக்காக ஜெபித்தார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது மறதி அதிகமானால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சபைக்குச் சொல்லுங்கள். தைரியம் வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் இன்றைக்கும் பயந்துகொண்டேதான் ஜெபிக்கிறேன். ஆண்டவர் கேட்கிறார்.