கரிக் காரும் வெள்ளைக் கவுனும்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும், என் வீட்டுக்காரர் எங்கள் காரின் பின்னால் ஒரு கரி அடுப்பைப் பொருத்தினார். கரி வாயுவிலேயே ஓடும் என்றார். ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். ஒவ்வொரு முறையும் அடுப்பை மூட்டி, விசிறி சுற்றியது நான்.

மூத்த மகளின் ஞானஸ்நானத்துக்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மாதா கோவிலுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் கார் நின்றது. வாயுவை வடிகட்டும் துணியில் கரி அப்பி அடைத்துக்கொண்டதாம். மாற்றுத் துணி எடுத்துவர மறந்திருந்தார்.

"ஏட்டி, அந்தக் கவுனக் குடு. பிள்ளைக்குப் பொறவு வேற தச்சுக்கிடலாம்."

கோவில் வாசலில் பிள்ளைக்குப் போட்டுவிட நான் கையால் தைத்த வெள்ளைக் கவுன் அது.

"உங்க தோள்ல கெடக்க துண்டப் போடுங்க" என்றேன்.

"இது பட்டுல்லா."

அவ்வழியே வந்த மாட்டு வண்டியை நிறுத்தி, பிள்ளையோடு ஏறிப் போய்விட்டேன்.

ஞானஸ்நானம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஹாரன் சத்தம். அவர் முகமெல்லாம் கரி. தோளில் துண்டு இல்லை.

"பட்டுல வடிகட்டுனா எப்படி ஓடுது பாத்தியா" என்று சிரித்தார்.

பிள்ளையின் கவுனைக் காப்பாற்றத் தர மனம் வராத பட்டுத் துண்டை, காரை ஓட்டிக் காட்டக் கொடுத்திருந்தார். ஞானஸ்நானம் ஆயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் காரை விற்று வெகு காலமாகிறது. அவர் இன்னும் கேட்கவில்லை.