ஜெனிஸ்பாய் குடிமகனான விதம்

கசகஸ்தானில் தராஸ் நகரத்து உதிரிபாகச் சந்தையில் ஜெனிஸ்பாயின் குரல் கேட்கவில்லை என்றால் அன்று அவன் ஊரில் இல்லை என்று அர்த்தம். பழைய கார்களின் ரேடியேட்டர்களை விற்பவன். வியாபாரம் சுமார்தான். மிச்சப் பொழுதெல்லாம் நாட்டுப்பற்று.

கறி வைத்து அடுப்பில் சுடும் சம்சா விற்கிற என் கடை அவன் கடைக்கு நேர் எதிரே. அதனால் அவனுடைய நாட்டுப்பற்று முழுவதும் முதலில் என் காதில்தான் விழும். சந்தையில் மூட்டை தூக்க வந்த உஸ்பெக் ஆட்கள், ரஷ்யாவிலிருந்து ஓடிவந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்கள், கிர்கிஸ் டிரைவர்கள் என்று யாரையும் அவன் விட்டுவைத்ததில்லை. "எங்க மண்ணுல சம்பாதிக்கறே, எங்க பாஷையைப் பேசு!" என்பான். கசாக் மொழியில் தடுமாறி ஒருவன் விலை கேட்டால் அவனை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் விலையைச் சொல்வான். அதற்குள் அந்த ஆள் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

அவனிடம் அதிகம் சிக்கியவள் சவ்ரிகுல். தஜிகிஸ்தானிலிருந்து வந்தவள், என் கடையை ஒட்டித் தந்தூர் அடுப்பு போட்டு ரொட்டி சுடுகிறாள்.

"இத்தனை வருஷமா இங்க ரொட்டி சுடறே, ரொட்டிங்கற வார்த்தையை ஒழுங்காச் சொல்ல வரலையே உனக்கு" என்பான்.

"வார்த்தையை மென்னா வயிறு நிறையுமா அண்ணே? ரொட்டி வேணும்னா நில்லுங்க. பாடம் நடத்தணும்னா அந்தப் பக்கம் போங்க, வாடிக்கைக்காரங்களை மறைக்கறீங்க" என்பாள் அவள்.

சந்தை வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. ஜெனிஸ்பாய் நிற்காமல் இருப்பானா? புதுத் தொப்பி வாங்கினான், ஆளாளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். நிற்பவர்கள் குடிமக்களாக இருக்க வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்று சங்கத்துக் கணக்கர் கேட்டார். அட்டை வீட்டில் இருக்கிறது என்றான். மறுநாள் கேட்டார், மனைவியின் கைப்பையில் போய்விட்டது என்றான். அதற்கு மறுநாள் அவனே கடைக்கு வரவில்லை.

அவன் மனைவி உல்பிகே சம்சா வாங்க வந்தபோது நான் சும்மா கேட்டு வைத்தேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

"அவர் கசாக்கே இல்லக்கா. கரகல்பாக். உஸ்பெகிஸ்தான் பக்கம், நூகுஸ்ல பொறந்தவரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வெளிநாட்டுக்காரங்களுக்குத் தர்ற வசிப்பு அட்டையைத்தான் வெச்சுக்கிட்டிருக்காரு. குடியுரிமைக்கு எழுதிப் போடுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது."

கையிலிருந்த மாவைக் கீழே போட்டுவிட்டேன். கரகல்பாக் மொழியும் எங்கள் மொழியும் அக்கா தங்கை மாதிரி. பேச்சில் இருந்த சின்ன இழுவையை நாங்கள் ஆரல் கடல் பக்கத்து வழக்கு என்று நினைத்திருந்தோம். ஊரையெல்லாம் வந்தேறி என்று விரட்டியவன் சந்தையிலேயே பெரிய வந்தேறி.

சாயங்காலத்துக்குள் சந்தைக்கே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

வேறு வழியில்லாமல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தான். மொழி, வரலாறு, அரசியலமைப்பு மூன்றிலும் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். "எனக்கா பரீட்சை? இதெல்லாம் என் ரத்தத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் போனான். ரத்தம் ஒன்றும் உதவவில்லை. தோற்றுத் திரும்பி வந்து என் கடை முன்னால் நின்று கத்தினான்.

"செனட்ல எத்தனை பேர்னு கேக்கறான். அவங்களுக்கு நானா சமைச்சுப் போடறேன், தலையை எண்ணி வெச்சுக்க?"

"சரி, தெரிஞ்ச கேள்வி ஒண்ணாவது வந்துதா அண்ணே?" என்று கேட்டாள் சவ்ரிகுல்.

"வந்துது. பேரு என்னன்னு கேட்டான்."

நூலகத்தில் பரீட்சைக்கு இலவச வகுப்பு நடக்கிறது என்று உல்பிகே அவனைத் தள்ளாத குறையாக அனுப்பினாள். உள்ளே நுழைந்தால் முதல் பெஞ்சில் சவ்ரிகுல் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் ஒருமுறை தோற்று, இரண்டாம் தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி முடித்த ஒரு பெண்தான் ஆசிரியை. எல்லோரையும் தேசிய கீதத்தை எழுதச் சொன்னாள்.

நாட்டு விழாக்களில் கீதம் ஒலிக்கும்போது நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடி நிற்பவன் ஜெனிஸ்பாய். பக்கத்தில் யாராவது அசைந்தால் முறைப்பான். இத்தனை காலமும் வெறும் உதட்டைத்தான் அசைத்திருக்கிறான் என்பது அன்றைக்குத் தெரிந்தது. முதல் சரணத்தை ஒப்பேற்றிவிட்டு, இரண்டாவதற்குப் பதில் முதல் சரணத்தையே திரும்ப எழுதி வைத்திருந்தான்.

சவ்ரிகுல் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு சரணமும் இரட்டைப் பிள்ளைங்களா அண்ணே? ஒரே ஜாடையா இருக்கே!"

அதோடு வகுப்புக்கு முழுக்குப் போட்டான். நேற்றுப் பிறந்த பெண்ணிடமும் ரொட்டிக்காரியிடமும் பாடம் கேட்கும் நிலை தனக்கு வரவில்லை என்றான். அதைவிட மேலான யோசனை அவனுக்குத் தோன்றியிருந்தது. உல்பிகேயின் தம்பி யெர்ஷான் மினி பஸ் ஓட்டுகிறவன். அவன் பரீட்சை மையத்துக்கு வெளியே வண்டியில் புத்தகத்தோடு உட்கார வேண்டியது. ஜெனிஸ்பாய் காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவியைச் செருகிக்கொண்டு, சட்டைக்குள் மைக்கை மறைத்துக்கொண்டு, திரையில் வரும் கேள்வியை முணுமுணுக்க வேண்டியது. யெர்ஷான் விடை சொல்வான்.

வாசலில் சோதித்தவர் காதுக்குள் பார்க்கவில்லை. திட்டத்தில் வேறொரு ஓட்டை இருந்தது. பிறந்ததிலிருந்து ஜெனிஸ்பாய் எதையும் மெல்லப் பேசியவன் இல்லை.

அன்றைக்கு அதே அறையில் சவ்ரிகுலும் பரீட்சை எழுதினாள். நடந்ததை அவள்தான் சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ரொட்டியைக் கருக்கிவிட்டாள். எல்லோரும் அமைதியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அரசியலமைப்பை ஏத்துக்கிட்டது எப்படி? அ, ஆ, இ, எதுடா?" என்று ஒரு முழக்கம். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் மறுபடியும், "மெதுவாத்தாண்டா பேசறேன், இதுக்கு மேல எப்படி மெதுவாப் பேசறது!"

மேற்பார்வை அம்மாள் அவன் அருகில் வந்து நின்றார்.

"யார்கூடப் பேசறீங்க ஐயா?"

"என் மனசாட்சிகூட."

"உங்க மனசாட்சிக்கு யெர்ஷான்னு பேரா? இப்பக்கூட அந்தப் பேரைச் சொல்லித் திட்டினீங்களே?"

வெளியே அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச காலத்துக்கு மறுபடி எழுத வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். காதுக்குள் போன பட்டாணி மட்டும் வெளியே வர மறுத்தது. யெர்ஷான் ஊசி, காந்தம், சூடான எண்ணெய் என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தான். கடைசியில் காது டாக்டரிடம் போய் எடுத்தார்கள். வலியில் ஜெனிஸ்பாய் போட்ட சத்தத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாக யெர்ஷான் சொன்னான். அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான்.

சவ்ரிகுல் அன்று தேறிவிட்டாள், மயிரிழையில். சந்தை முழுக்க எள் தூவிய ரொட்டி கொடுத்தாள். ஜெனிஸ்பாய்க்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கித் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றான்.

இதற்கிடையே சங்கத் தேர்தல் நடந்து முடிந்தது. வாயே திறக்காத டயர்க்காரர் ஒருவர் தலைவரானார். இனி எதற்குப் பரீட்சை என்று ஜெனிஸ்பாய் விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தோம். உல்பிகே விடவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் இத்தனை அவமானம் பட்டாகிவிட்டது, தேறாமல் இருந்தால் அதைவிடக் கேவலம் என்று உட்கார வைத்தாள். வேகவைத்த மாவுத் துண்டுகள் மேல் கறி போட்ட பெஷ்பர்மாக் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாளாம். சரியான விடைக்குக் கறி, தவறான விடைக்கு வெறும் மாவுத் துண்டு. அந்தக் குளிர்காலத்தில் ஆள் இளைத்துத்தான் போனான்.

கடையில் வாடிக்கைக்காரர் இல்லாத நேரம் ரேடியேட்டர்களுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருப்பான். யாராவது வந்தால் சட்டென்று கோட்டுக்குள் ஒளித்துவிடுவான், சாராயப் புட்டியை ஒளிப்பது போல. ஒருநாள் தேநீர் கொடுக்கப் போனேன். அவன் புத்தகத்தை ஒளிக்கக்கூட இல்லை. "இந்தத் தடவையும் போச்சுன்னா என்னக்கா பண்றது?" என்று கேட்டான். பாவமாகத்தான் இருந்தது. தேநீர் ஆறும்வரை இருந்தது.

தேறிவிட்டான். பழைய உஸ்பெக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டுப் புதிய கசாக் கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் வாங்கி வந்த அன்றைக்குச் சந்தை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். மூட்டை தூக்குகிற உஸ்பெக் ஆளை நிறுத்தி, "இந்த நாட்டுக் குடிமகன் கேக்கறேன், கசாக்ல பதில் சொல்லு" என்றான். முன்பு குரல்தான் இருந்தது. இப்போது அதைத் தூக்கிக் காட்ட அட்டையும் கிடைத்துவிட்டது.

வசந்தத்தில் தாயார் கல்லறையில் குர்ஆன் ஓத வேண்டும் என்று மனைவியோடு நூகுஸுக்குப் போனான். திரும்பி வந்த உல்பிகே எல்லைச் சாவடியில் நடந்ததைச் சொன்னாள். வழக்கமான வரிசையில் போய் நின்றவனை, இது எங்கள் நாட்டவர் வரிசை, வெளிநாட்டவர் அந்தப் பக்கம் என்று அனுப்பிவிட்டார்களாம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஒரு கரகல்பாக் பையன். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டிருக்கிறான். இவன் கரகல்பாக் மொழியிலேயே பதில் சொல்லியிருக்கிறான். பையன் கடவுச்சீட்டைப் பார்த்திருக்கிறான், இவன் முகத்தைப் பார்த்திருக்கிறான்.

"'கசாக் நாட்டுக்காரரா இருந்துக்கிட்டு எங்க பாஷையை எவ்வளவு சுத்தமாப் பேசறீங்க! எங்க கத்துக்கிட்டீங்க?'ன்னு கேட்டான் அக்கா" என்றாள் உல்பிகே.

"இவன் என்ன சொன்னான்?"

"'டிவி பாத்துக் கத்துக்கிட்டேன்'னாரு."

உல்பிகே சிரிக்கவில்லை. எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. சம்சா தீய்கிறது என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.